இழுக்காத நூல்

அடியே பெரிய கடைக்காரி,

நலம்தானே? என் கோபமும் நலம்.

பழைய துணிக்கடைக் குவியலை மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறி, யாரோ ஒரு குண்டு மாமாவின் கோட்டை எடுத்தவள் நான். அவர் தொப்பையை வெட்டி உன் இடுப்புக்கு ஏற்றபடி தைக்க எனக்கு மூன்று ஞாயிறு போனது. நேற்று வகுப்பில், "எங்கடி வாங்கினே, சூப்பரா இருக்கு!" என்று எல்லாரும் சூழ்ந்தபோது நீ என்ன சொன்னாய்?

"எங்க சித்தி பெரிய கடையில எடுத்துத் தந்தாங்க."

நான் எப்போதடி உனக்குச் சித்தியானேன்?

நீ அவசரப்பட்டுத் தூக்கிப் போனதால், கோட்டின் இடது கையை வெறும் ஓட்டுத் தையலில் நிறுத்தியிருந்தேன். முடிச்சுகூடப் போடவில்லை. நூல் முனை உன் முதுகில் தொங்கியது. பின்பெஞ்சிலிருந்து அதை விரலில் சுற்றிக்கொண்டேன். ஒரே இழுப்பில் கை கழன்று விழுந்திருக்கும், வகுப்பே சிரித்திருக்கும். ஆசிரியை நாற்காலியில் கோந்து தடவிய எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பாடம் முழுக்கப் பிடித்திருந்தேன். மணி அடித்ததும் மெதுவாக உள்ளே செருகிவிட்டேன். கொசு என்று நினைத்துத் தட்டினாய்.

ஏன் என்று கேட்காதே. சனிக்கிழமை கோட்டை எடுத்து வா, கையை அழுத்தித் தைத்துத் தருகிறேன். சித்தி, கித்தி என்று வாயைத் திறந்தால் அதையும் சேர்த்துத் தைப்பேன்.

இப்படிக்கு,
இன்னும் ஆறாதவள்