என் மெஷினையும் நிறுத்திவிடு

அன்புத் தங்கைக்கு,

உன்னை நினைத்துப் பூரித்துப்போய், அதே சமயம் உன் காதைத் திருகவும் கை பரபரத்துக்கொண்டிருக்கும் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலை. போனில் சொன்னால் நீ குறுக்கே புகுந்து என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

முதலில் நல்ல சேதி. திங்கட்கிழமை நீ சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி, கடைகளில் கார்டு போட்டுப் பணம் வாங்கும் பழைய மெஷின்கள் எல்லாம் நின்றன. அன்றைக்குக் கடைத்தெரு முழுக்க உன் பேச்சுதான். மருந்துக்கடைக்காரர் முன்பே புது மெஷினுக்கு மாறியவர் அல்லவா, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல் வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "நம்ம செருப்புக்கடை அக்காவோட தங்கச்சிதான் இதுக்கெல்லாம் தலைமை, தெரியுமில்ல?" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஒன்றும் கேட்காதவள் மாதிரி அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைகளுக்கெல்லாம் நீ அனுப்பிய நோட்டீஸை அத்தான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறார். அடியில் உன் பெயரும் பதவியும் இருக்கிறதே, அதற்காகத்தான். செருப்பு வாங்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் என்கிரிப்ஷன் பற்றிப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். ஒரு பெரியவர் அது புதுசாக வந்த கம்பெனி ஷூவா என்று கேட்டார். அவருக்குத் தோல் செருப்பு ஒரு ஜோடி விற்றுவிட்டேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது, ஓடுகிற மெஷினை எதற்காக நிறுத்த வேண்டும் என்று அத்தான் உன்னைச் சீண்டினார். நீ தட்டில் கை காய்வதுகூடத் தெரியாமல் பாடம் எடுத்தாய். கார்டு நம்பர் கடையிலிருந்து பேங்குக்குப் போகும்போது என்கிரிப்ஷன் என்கிற பூட்டுப் போட்டுத்தான் போகிறது, ஆனால் அந்தப் பழைய பூட்டைத் திறக்கத் திருடர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றாய். "ஒரே ஒரு கடை பழைய முறையில பேசினாலும் அதைக் கேக்குறதுக்கு எங்க கம்ப்யூட்டர் ஒரு காதைத் திறந்து வெச்சிருக்கணும் அத்தான். திருடனும் அதே காதுலதான் வந்து பேசுவான்" என்றாய். எனக்கே விளங்கிவிட்டது. நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட் முதலாளி தனக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் கேட்டதையும், யாருக்கும் கிடையாது என்று அவர் முகத்துக்கு நேரே நீ சொன்னதையும் அன்றைக்குத்தான் சொன்னாய். அந்தக் கதையை நான் இந்தத் தெருவில் சொல்லாத கடை இல்லை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒத்திகை என்று ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தீர்களே, அப்போது என் மெஷினும் நின்றுபோனது. என்னுடையதும் பழசு என்று அன்றைக்கே தெரிந்து, புது மெஷினோடு சேர்ந்து வரும் பில்லிங் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தேன். அந்த டீலர் வாரம் தவறாமல் அடுத்த வாரம் என்கிறார். அதனால் திங்கட்கிழமைக்கு நான் தயாராகத்தான் இருந்தேன். 'கார்டு எடுக்க இயலாது' என்று எழுதி வைத்து, சில்லறையும் மாற்றி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடையில் நிற்க இடமில்லை. யாரோ கார்டை நீட்ட, பழக்க தோஷத்தில் நானும் போட்டுவிட்டேன். ரசீது வந்து விழுந்தது!

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் எதிர்த்த துணிக்கடைக்காரர், தன் மெஷின் நின்றுபோனதால், என்னுடையது ஓடுவதைப் பார்த்துத் தன் வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "உங்க மெஷினும் எங்களுது மாதிரி பழசுதானே? தங்கச்சி இருந்தா செத்த மெஷினும் ஓடும், இல்லக்கா?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் உதவி நம்பருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "உங்க கடைக்கு மட்டும் ஒரு மாசம் விலக்கு குடுத்திருக்காங்க மேடம், மேலிடத்துலேர்ந்து" என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மேலிடத்துக்குத் தலை பின்னிவிட்டவளே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அப்போதே ஒயரைப் பிடுங்கி மெஷினைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மாதம்தானே, விடேன் என்றார் அத்தான். ஒரு பார்வை பார்த்தேன், ஸ்டாக் எடுக்கப் போய்விட்டார். வியாபாரம் அடிவாங்குகிறது, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நேற்று ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஷூ போட்டு நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, கையில் பணமில்லை என்று கழற்றி வைத்துவிட்டுப் போனாள். சின்னது அழுதுகொண்டே போனது. இருந்தாலும் மெஷினை வெளியே எடுக்கவில்லை.

சீசன் நேரத்தில் அக்கா கடை படுத்துவிடுமே என்று நீ பதறியிருப்பாய். அந்த மனசு எனக்குத் தெரியாதா? ஆனால் எனக்காக அந்தக் காதைத் திறந்து வைத்திருக்கிறாயே, அதில் திருடன் வந்து பேசினால் யார் பொறுப்பு? சூப்பர் மார்க்கெட் முதலாளி நாளைக்கு வந்து உன் அக்காவுக்கு மட்டும் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வாய்? உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீயே உன் பெரிய அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள். என்னைப் பற்றிக் கவலைப்படாதே. புது மெஷின் வரும்வரை கையில் பணத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும் செருப்பு விற்றால் நான் ஒன்றும் தேய்ந்துபோய்விட மாட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார் கூரியர்காரர். சனிக்கிழமை கடை திறந்ததும் மெஷினை மாட்டி, துணிக்கடைக்காரரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, என் கார்டையே போட்டுப் பார்க்கப் போகிறேன். அது ஓடக்கூடாதடி, கண்ணு. ஓடாமல் நின்றால், என் தங்கை நிறுத்திவிட்டாள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வேன்.

நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு.

என்றும் உன்,
அக்கா