இருபது நிமிடப் பாட்டில் என் பங்கு

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. இசைத்தட்டு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பத்திரிகைத் துண்டையும் வைத்திருக்கிறாய். நம் ராக் குழு பழைய கிட்டார் ஓசைக்குத் திரும்பிவிட்டது என்று எவனோ புகழ்ந்திருக்கிறான். உனக்குப் பெருமையாக இருக்கும். கிட்டார் உன்னுடையதுதானே.

இருபது நிமிடப் பாட்டை மூன்று முறை கேட்டேன். நடுவில் வரும் என் கீபோர்டு பகுதியை அப்படியே கிட்டாரில் வாசித்திருக்கிறாய். ஒரு சுரம் மாறவில்லை. நான் வேலை பார்த்த பியானோ பழுதுபார்க்கும் கடையில், முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் தட்டித் தட்டி நானே வாசிக்கக் கற்றுக்கொண்டேன். எவரிடமும் போய் நின்றதில்லை. அந்தப் பகுதி அங்கே பிறந்தது. உன் அண்ணி இறந்த துக்கத்தில் இருக்கும் நான் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, என்னை அழைக்காமலே பதிவை முடித்திருக்கிறீர்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லையா?

என் பகுதியை என் விரல்களால் மறுபடி பதிவு செய். முடியாதென்றால் இசைத்தட்டின் உறையிலிருந்து என் பெயரை எடு.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

இரண்டு வருடமாக உங்கள் விரல்கள் பின்தங்குகின்றன. ஏழு தட்டுத் தாளம் வரும் இடத்தில் நாங்கள் முன்னே போய்விடுவோம். டிரம்ஸ்காரர் அவசரப்படுகிறார் என்று அவரைத் திட்டுவீர்கள். அவர் பொறுத்துக்கொண்டார். கடைசியில், உங்கள் கீபோர்டு உங்கள் காலடியில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியில் மட்டும் கேட்கும்படி செய்தோம். அரங்குக்குப் போனது என் கிட்டார். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கிட்டாருக்குத் திரும்பிய கதை இவ்வளவுதான்.

உங்களை மேடையிலிருந்து இறக்க எங்களுக்கு மனம் வரவில்லை. திட்டுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி

மார்ச் 21

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு இப்போது பதில் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்.

உன் அண்ணி கடைசியாக வந்த நிகழ்ச்சி. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய வாரம். இரண்டாம் வரிசையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது காரில், "இன்னைக்கு நீங்க வாசிச்சதுதான் எல்லாத்துலயும் நல்லா இருந்துச்சு" என்றாள். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

அன்று என் கீபோர்டு அரங்கில் கேட்டதா, இல்லையா?

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

கேட்கவில்லை.

அண்ணிக்கு அது தெரியும். அதற்கு முந்தைய வருடமே கண்டுபிடித்துவிட்டார். ஒத்திகை அறைக்குத் தனியாக வந்து, "இப்படியே நடக்கட்டும் தம்பி. மேடை இல்லேன்னா அந்த மனுஷன் ஒடிஞ்சு போயிடுவாரு" என்றார். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அதையும் மீறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

உங்கள் தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

வராதே.

நாற்பத்தொரு வருடத்தில் அவள் என்னிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நான் சமைத்ததை வாயில் வைக்க முடியவில்லை என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னவள். ஆகவே நீ எழுதியதுதான் பொய். அப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன்.

உங்கள் இருவரில் ஒருவரைத்தான் என்னால் நம்ப முடியும். உனக்குக் குழு இருக்கிறது, கேட்க ஜனங்கள் இருக்கிறார்கள். அவளை நம்புவதற்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

இனி எழுதாதே. கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அண்ணன்