குழாய் இல்லாத கை

கம்போடியா, பட்டம்பாங் மருத்துவமனை, குழந்தைகள் வார்டு

இல்லை. டிரிப்ஸைக் கழற்றியது லிதாவைக் கைவிட்டதால் அல்ல.

லிதா அப்பாவுக்கு, பாங்காக்கில் நீங்கள் கட்டும் கட்டடத்தின் எந்த மாடியில் நின்று இதைப் படித்தாலும், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் அழுதால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு போனபோது நானும் அழுதேன். நம் ஊரில் தலைவலிக்கே டிரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம். நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவித்த பிள்ளைக்கு இனி வாயில் ஊற்றும் வெறும் இனிப்பு மருந்தா? ஏழைகள் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியே உங்களிடம் சொன்னேன். தம்பியை அனுப்புகிறேன், ஊர் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போய் டிரிப்ஸ் ஏற்று என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நர்ஸ் கன்னிதாவிடம் கேட்டேன். சண்டைக்காரி மாதிரி.

"அக்கா, குழாயில போன மருந்தும் இதுவும் ஒரே வேலையத்தான் செய்யுது. நெஞ்சுல இருக்கிற கிருமியக் கொல்லுது. வந்தன்னிக்கு அவளால முழுங்க முடியல, ரத்தத்துல விட்டோம். இப்பக் கஞ்சி குடிக்கிறா, காய்ச்சல் இல்ல, காலைல என் விரலக் கடிச்சு வெச்சா. இந்தக் கடி கடிக்கிறவளுக்குக் குழாய் எதுக்கு?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நானும்.

குடித்ததும் வாந்தி எடுத்தால் உடனே சொல்ல வேண்டும். தேறிவிட்டாள் என்று பாதியில் நிறுத்தக் கூடாது. கன்னிதா என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். தப்பினால் மறுபடியும்.

லிதாவுக்கு அந்த மருந்தின் வாசனை பிடிக்கவில்லை. ஆனாலும் குடிக்கிறாள். "அப்பா போன்ல மூக்கு உறிஞ்சறாரு, அவருக்கும் ஒரு மூடி குடும்மா" என்கிறாள்.

நேற்று இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

அவ்வளவு தூரத்திலிருந்து உங்களால் முடிந்தது ஆள் அனுப்புவதுதான். தெரியும். அந்தப் பயம் எனக்கும் இன்னும் போகவில்லை. இந்த ஒருமுறை என்னை நம்புங்கள். நீங்கள் ஏறும் சாரமெல்லாம் உங்களைத் தாங்கட்டும்.

சொபியாக்

இதை எழுதி முடித்தபோது உங்கள் தம்பி வண்டியோடு வந்தார். அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். தனியாகத் திருப்பி அனுப்பினேன்.