முதல் திவசத்துக்கு யார் மது ஊற்றுவது

புசான்,
அக்டோபர் கடைசி

அன்பு மகள் ஹேரானுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இருக்கிறேன், அவ்வளவுதான். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மீன் விலையைப் பேசிவிடுகிறேன், அதனால்தான் கடிதம். நம் எழுத்தை நீ மெதுவாகத்தான் படிப்பாய் என்று பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன்.

சந்தையில் மீன் வடை பொரிக்கிற வேலையை விடவில்லை. நின்றால் முட்டி வலிக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் வேறு எல்லாம் வலிக்கிறது. குளிர் ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் கம்பளி உள்சட்டைகளை யாருக்கும் கொடுக்க முடியாது, தூக்கிப் போடவும் மனம் இல்லை. நானே போட்டுக்கொள்கிறேன். கைதான் நீளம்.

அடுத்த மாதம் அவருக்கு முதல் திவசம். “அப்பாவுக்குப் பெரியப்பா மகனே மது ஊத்தட்டும்மா, நான் வந்தா மறுபடியும் ஏதாவது தப்பு பண்ணிடுவேன்” என்று செய்தி அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் அப்பாவின் சாவுக்கூடத்தில் நடந்ததை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய். இந்தோனேசியாவில் அப்பாவோடு செருப்பு ஆலையில் இருந்த சோக் மாமா வந்து மது குடிக்க உட்கார்ந்ததும், அவர் கோப்பையில் உன் கோப்பையை டங்கென்று இடித்துவிட்டாய். சாவு வீட்டில் கோப்பையை இடிக்கக் கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். உனக்கு எப்படித் தெரியும்? நீ இங்கே ஒரு சாவுக்கும் போனதில்லை. அப்பாவோடு இடித்து இடித்துத்தானே குடித்துப் பழகினாய்! “துக்க வீட்ல கல்யாணக் கூத்தா? வெளிநாட்டுல வளத்த லட்சணம்!” என்று பெரியப்பா எல்லார் முன்னாலும் கத்தினார். அவர் மருமகள் வேறு, “டீச்சராம்! புள்ளைங்களுக்கு என்னத்த சொல்லித் தர்றாளோ” என்று சிரித்தாள். நான் உள்ளே சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது நீ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாய்.

ஆறு வயதில் உன்னை இந்தோனேசியாவுக்குக் கூட்டிப் போனோம். தெருவில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை, அடுப்படியில் என் பாஷை. பழகின சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாக வேறு நாட்டுக்குப் போவார்கள், நீ சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். பிறகு இங்கே வந்தோம். வாத்தியார் திட்டும்போது தலையைக் குனியாமல் அவர் கண்ணைப் பார்த்தாய் என்று அதற்கும் அடி வாங்கினாய். ஹனோயில் அந்தப் பன்னாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்த அன்று, “அம்மா, இங்க யாரும் என்னை எந்த ஊருன்னு கேக்கல, எல்லாரும் என்னை மாதிரிதான்” என்றாய். நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

போன வாரம் பெரியப்பா வந்தார். உன் வகுப்பில் நடந்ததை அவரிடம் சொன்னேன். தாத்தா செத்துப்போனதைச் சொல்லும்போது சிரித்துவிட்டாளே ஒரு பெண்பிள்ளை, மற்றப் பிள்ளைகள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்களே. நீ பாடத்தை நிறுத்தி, உங்கள் வீட்டில் துக்கம் என்றால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தாய். ஒரு வீட்டில் பாட்டு, ஒரு வீட்டில் தலையில் வெள்ளைத் துணி, ஒரு வீட்டில் மூச்சு விடக் கூடாது. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு அந்தப் பிள்ளை அழுதாளாம்.

பெரியப்பா கேட்டுவிட்டு, “அது ஸ்கூலு. இது வீடு” என்றார்.

“வீட்ல அதவிட அதிகமால்ல எடம் இருக்கணும் அத்தான்” என்றேன். அப்பாவுக்கு அவருடைய ஒற்றை மகள்தான் ஊற்றுவாள் என்றும் சொல்லிவிட்டேன். “அப்படின்னா நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்றார். “சரி, குளிருது, பாத்துப் போங்க” என்றேன். எனக்கு அந்த வாய் எங்கிருந்து வந்ததோ, தெரியவில்லை. அவர் போன பிறகு கதவை இரண்டு தடவை தாழ் போட்டேன்.

இதை உன்னைக் கட்டிப்போடச் செய்யவில்லை. நீ வராவிட்டால் அன்றைக்கு யாரும் ஊற்ற மாட்டார்கள். சோற்றை வைத்து, அவர் சாப்பிட என்று கரண்டியை அதில் குத்தி நிறுத்திவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வந்தால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நான் உன் கோப்பையில் ஊற்றுவேன். அதை ஊதுவத்திப் புகைமேல் மூன்று சுற்றுச் சுற்றி, அப்பா படத்தின் முன்னால் வைக்க என்னிடம் தர வேண்டும். மது ஊற்றுவது என்று சொல்வது இவ்வளவுதான். பிறகு விழுந்து கும்பிட வேண்டும். படையலில் எந்தப் பண்டம் எந்தப் பக்கம் என்பது எனக்கும் பாதிதான் தெரியும். தப்பாக வைத்தால் அவர் எழுந்தா திட்டப்போகிறார்?

பள்ளியில் லீவு கேட்டுப் பார். வர முடியாது என்றால் எனக்குக் காரணம் எதுவும் விளக்க வேண்டாம், வருவதானால் எந்த நாள் என்று மட்டும் சொல். இறைச்சியும் முள்ளங்கியும் வாங்கி வைக்கிறேன். நீ வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் சூப்பை அடுப்பில் ஏற்றுவேன்.

தொண்டையைப் பார்த்துக்கொள். உன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். எந்த ஊரில் இருந்தாலும் நீ அவர் மகளாக நன்றாக இரு.

உன்
அம்மா