ஜப்பான் தேசத்தில் ஒரு கட்சிக்காக

20-6-1993, ஞாயிறு

ஜப்பான் பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள்; என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராஜபாளையத்தில் உட்கார்ந்து ஆசியாவின் பாதுகாப்பைத் தனியாளாகக் கவனித்துவரும் கல்லூரி விரிவுரையாளன் நான்! முப்பத்தெட்டு வருடமாக அங்கே ஆளும் கட்சி ஏன் விழவே விழாது என்று டாக்டர் பட்டத்துக்காக நான் எழுதிய ஆய்வேடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப் ஆகி வந்துவிட்டது. தாள்கட்டை ஏற்றியதும் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. (ரஷ்யா உடைந்ததில் ரஷ்யாவுக்கு என்ன நஷ்டமோ, எனக்கு ஓர் அத்தியாயமே போச்சு. திரும்ப எழுதினேன்.)

"இப்படியே கொடுத்துவிடும்" என்கிறார் மதுரை கைடு. தங்கபாய் அக்காவும் அதைத்தான் சொல்கிறாள். பஞ்சாலையில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தவள். இப்போது மூன்று ஷிப்டும் இருமுகிறாள்.

"ஏலே சோலை, குடுத்துத் தொலையேம்ல. 'டாக்டரு அக்கா'ன்னு நாலு பேரு சொல்லிக் கேட்டுட்டுப் போறேன்."

"செத்த பொறுக்கா. தேர்தல்ல ஜெயிச்சதையும் கடைசிப் பக்கத்துல வச்சிட்டா, உலகமே கிடுகிடுத்துரும்."

11-7-1993

மானம் போச்சு. ஆராதனையில் காய்ச்சல்காரர், வேலை தேடுவோர் ஜெப விண்ணப்பங்களோடு போதகர் வாசிக்கிறார்: "சகோதரி தங்கபாய் — ஜப்பான் தேசத்தில் ஒரு கட்சி ஜெயிக்க." சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு 'ஆமென்' என்றாள். பசிபிக்கில் நிற்கும் அமெரிக்கக் கப்பல்களுக்கே கேட்டிருக்கும்.

19-7-1993

பெரும்பான்மை போய்விட்டது.

10-8-1993

ஆட்சியும் போய்விட்டது. தலைப்பே பொய்த்துவிட்டதாம், முதலிலிருந்து எழுத வேண்டுமாம் — கைடு. எதை எழுத? கட்டித் தூக்கிப் பரணில் போட்டேன்.

அக்கா மகள் பரிபூரணம், "மாமா, ஜப்பானுக்குப் பதினாறாம் நாள் என்னைக்கு?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நான் இன்னும் ஜெபத்துல வச்சிருக்கேன்."

"தோத்த கட்சிக்கா?"

"ஜெயிச்சவனுக்கு எதுக்குல ஜெபம்?"

16-2-1994

அக்காவை அடக்கம் செய்தோம். ஆறடிக் குழி. அதற்குமேல் ஒரு விரற்கடைகூடக் கூட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்றைக்கே கொடுத்திருந்தால்? ஏம்ல கொடுக்கல?

30-6-1994

ரேடியோவில் கேட்டேன். அந்தக் கட்சி மறுபடியும் ஆட்சியில்! ஜென்ம விரோதி சோஷலிஸ்ட் ஒருவரைப் பிரதமராக்கி, அவர் தோளிலேயே ஏறி வந்துவிட்டது. கைடு போனில் கத்துகிறார்: "உடனே எடுத்துட்டு வாரும்!"

சரி என்றேன்.

3-7-1994, ஞாயிறு

பரணில் ஏறவில்லை. கோயிலுக்குப் போனேன். நன்றிக்காகப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் காரணம் எழுத வேண்டும், எழுதினேன். போதகர் வாசித்தார்:

"காலஞ்சென்ற சகோதரி தங்கபாய் — ஜப்பான் காரியம் ஜெயமானதற்காக."

இந்தத் தடவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

'ஆமென்' என்றேன். பக்கத்தில் இருந்த பரிபூரணத்துக்குக்கூடக் கேட்டிருக்காது.