வெள்ளிக்கிழமை மண் நேரம்

சீவலப்பேரி
7.7.2025

மதிப்பிற்குரிய எப்சி மிஸ்ஸுக்கு,

எல்.கே.ஜி. படிக்கும் முத்தரசியின் அம்மா உலகம்மாள் எழுதுகிறேன். நான் வேலை முடிந்து வருவதற்குள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுகிறார்கள். போனில் பேசினால் ஆத்திரத்தில் ஒரு வார்த்தை கூடிப்போகும். அதனால் எழுதி, வேன் ஓட்டும் சிவசைலம் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து, எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று பதறிப்போனேன். கேட்டால், "மண் நேரம்மா" என்கிறாள். வெள்ளிக்கிழமை வெள்ளை யூனிபார்ம் போடச் சொல்வதும் நீங்கள்தான், அன்றைக்கே சேற்றில் உட்கார வைப்பதும் நீங்கள்தான். இது எந்த ஊர் நியாயம்? எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு தடவை துவைத்து, சொட்டு நீலமும் போட்டுப் பார்த்துவிட்டேன். கறை போகவில்லை. இருப்பதே இரண்டு செட்டு.

ஏ பி சி டி எப்போது ஆரம்பிப்பீர்கள் என்றும் எழுதவும். தவறாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உலகம்மாள்

பாளையங்கோட்டை
8.7.2025

அன்புள்ள முத்தரசியின் அம்மாவுக்கு,

வணக்கம். யூனிபார்ம் விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் பழைய துணி உடுத்தி அனுப்ப அனுமதி கேட்டு ஆபீஸுக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன். "ஒழுங்கு கெட்டுப்போகும்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் அந்தக் கறையைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முத்தரசி வந்த நாளிலிருந்து எதையும் தொடமாட்டாள். கையில் ஒரு சொட்டுப் பசை பட்டால் போதும், விரலை விரித்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுவாள். தயிர்ச்சாதத்துக்கும் ஸ்பூன் கேட்பாள். மூன்று வாரம் அந்த மண் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தவள், போன வெள்ளிக்கிழமைதான் தானாக உள்ளே இறங்கினாள். ஈர மண்ணைப் பிசைந்து பதினோரு கொழுக்கட்டை பிடித்தாள். உமியைத் தூவி, "இது தேங்காப்பூ" என்றாள். மண்ணைப் பிசையும் விரல்தான் நாளைக்குப் பென்சிலை அழுத்திப் பிடிக்கும். இதற்காகவே நான் ஒரு வருஷம் கோயம்புத்தூரில் பயிற்சி எடுத்தேன். ஏ பி சி டி தானாக வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
எப்சி

சீவலப்பேரி
14.7.2025

எப்சி மிஸ்ஸுக்கு,

பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினீர்கள். பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வேனின் பின்பக்கம் பெரிதாக ஒரு போட்டோ ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். அதில் கை, கால், மூக்கு எல்லாம் சேறாக என் மகள். அந்த வேன் தினமும் எங்கள் ஊருக்குள் இரண்டு தடவை வந்து போகிறது.

நடவுக்குப் போன இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். "ஏ உலகு, பிள்ளைய இப்பமே நடவுக்குப் பழக்குதியா? அதுக்குப் போயி பீஸ் வேற கெட்டுதியாக்கும்! எங்ககூட வரப்புக்கு அனுப்பு, நாங்க சும்மாவே சொல்லிக்குடுக்கோம்" என்றாள் ஒருத்தி. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

மிஸ், நான் வெளிப்படையாகவே சொல்கிறேன். எனக்குக் கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மருதாணி அரைத்துக் கட்டித்தான் மறுநாள் வயலில் இறங்குகிறேன். பத்தாவது பாஸான எனக்கே இந்தப் பாடு. சேற்றைத் தொடாதே, தொடாதே என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தான். ஸ்பூனில் சாப்பிடப் பழக்கியதும் நான்தான். அது நோய் இல்லை, என் ஆசை. டாக்டர் வீட்டுப் பையன் சுஜின் சேற்றில் புரண்டால் அது விளையாட்டு. என் மகள் புரண்டால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரிதான் பார்ப்பார்கள்.

இனிமேல் அவளை மண்ணில் இறக்காதீர்கள். அந்தப் போட்டோவையும் எடுத்துவிடுங்கள்.

உலகம்மாள்

பாளையங்கோட்டை
15.7.2025

அன்புள்ள முத்தரசியின் அம்மாவுக்கு,

ஆபீஸில் விளம்பரத்துக்காகப் போட்டோ ஒட்டியது எனக்கே தெரியாது. இன்று மத்தியானம் நானே ஸ்கேல் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மற்றதில் எனக்குச் சம்மதம் இல்லை. இறங்கிய பிள்ளையை வெளியே ஏறு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெற்றவள் சொல் கேட்கத்தான் வேண்டும். இப்போதே நான்கு பெற்றோர் ஆபீஸில் புகார் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு புகார் வந்தால் குழியை மூடி சிமெண்ட் போட்டுவிடுவார்கள். இனி முத்தரசி மண்ணைத் தொடமாட்டாள். சும்மா நின்று ஏங்காமல் இருக்க, அவளுக்கு வேறு வேலை கொடுக்கிறேன்.

எப்சி

சீவலப்பேரி
28.7.2025

எப்சி மிஸ்ஸுக்கு,

இன்று முத்தரசி வேனில் ஏறவில்லை. கடிதம் மட்டும் வருகிறது.

வெள்ளிக்கிழமை நடவு சீக்கிரம் முடிந்தது. ஆசையாக டவுண் பஸ் ஏறி, பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தேன். பக்கத்துக் கேட் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் மண்ணுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் வாளிப் பக்கத்தில் கையில் செம்போடு நின்றாள். சுஜின் வெளியே வந்து காலை நீட்டினான். இவள் குனிந்து தண்ணீர் ஊற்றினாள். அவன் போனதும் அடுத்த பிள்ளை. இப்படியே ஒன்பது பிள்ளைகள். நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் நின்றீர்கள்.

உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். வந்திருந்தால் அன்றைக்கு அங்கே பெரிய ரகளை ஆகியிருக்கும். சாயங்காலம் அவளாகவே சொன்னாள்: "இன்னைக்கும் நாந்தாம்மா எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துனேன். மிஸ்ஸு வெரி குட்டுன்னு சொன்னாவ."

அந்த 'குட்'டைத்தான் மிஸ் என்னால் தாங்க முடியவில்லை.

டி.சி. எழுதித் தயாராக வையுங்கள். நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

உலகம்மாள்

பாளையங்கோட்டை
29.7.2025

அன்புள்ள உலகம்மாள் அக்காவுக்கு,

நேற்று ராத்திரி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் முழுக்க நான் செய்தது சரி என்றே எழுதியிருந்தேன். தண்ணீர் ஊற்றுவதும் ஒரு விளையாட்டு, கைக்குப் பயிற்சி என்றெல்லாம். எழுதி முடித்த பிறகு யோசித்தேன். இரண்டு வெள்ளிக்கிழமையாக அந்தச் செம்பு ஒருநாளாவது வேறு பிள்ளை கைக்குப் போனதா? போகவில்லை. சுஜின் கையில் அதைக் கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை பயிற்சி எடுத்தும் இது என் கண்ணில் படவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆசையாக இறங்கிய பிள்ளையை ஓரத்தில் நிறுத்தச் சொன்னது நீங்கள். ஓரத்தில் நின்றவள் கையில் செம்பைக் கொடுத்தது நான். இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கிறோம்.

டி.சி. விஷயத்தை இன்னும் ஆபீஸில் சொல்லவில்லை. அனுப்புங்கள் அக்கா. அவள் இல்லாமல் வகுப்பு நன்றாக இல்லை.

எப்சி

சீவலப்பேரி
30.7.2025

எப்சி மிஸ்ஸுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடத்தான் கை போனது. போடவில்லை. ஓரத்தில் நிறுத்தியது நான்தான். அதை நீங்கள் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்றுதான் வயிறு எரிகிறது.

நேற்று நான் வயலிலிருந்து வந்ததும் முத்தரசி செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தாள். "காலைக் காட்டும்மா" என்றாள். சேறு போக ஊற்றிவிட்டு, நான் குட் சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தாள். எனக்கு வந்த கோபத்தில் செம்பைப் பிடுங்கி எறிந்தேன். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் பிள்ளை அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். அவளிடம் நான் என்னவென்று சொல்வேன்?

வருகிற வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அவளுக்குப் பழைய பாவாடை உடுத்தித்தான் கூட்டிக்கொண்டு வருவேன். உங்கள் ஆபீஸ் என்ன சொன்னாலும் சரி. நானே அவள் கையைப் பிடித்து மண்ணில் இறக்கிவிடுவேன். ஆசை தீர விளையாடட்டும்.

அவள் வெளியே வந்ததும் செம்பை நீங்கள் எடுங்கள். அவள் காலை நீட்டட்டும், நீங்கள் குனிந்து தண்ணீர் ஊற்றுங்கள். சுஜினும் மற்ற பிள்ளைகளும் பார்க்கட்டும். அவளும் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு டி.சி. வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.

உலகம்மாள்