வாசலில் எடுத்த படம்

ஆபீஸ் அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். எல்லாம் டேப்லெட்டுக்குள் போய்விட்டதாம், இனி காகிதம் வேண்டாமாம். அடித்தட்டில் உன் நோட்டு கிடந்தது, ஈரவாடையோடு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன், ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. "மிளகுக்கொடி ஊடு", "நொண்டி நாய் ஊடு" என்றே எழுதியிருக்கிறாய். அடிபடும் பெண்களுக்குத் துணை போகும் இந்த வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தவர்கள் நாம். நீ இறந்து இரண்டு வருடம் ஆகிறது. எது யார் வீடு என்று இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கொட்டச்சேட்டு எஸ்டேட் லைன் வீடுகளில், புருஷனிடம் அடிபட்டவள் ஐந்தாவது வீட்டில் இருந்தால், முதல் நாலு வீட்டிலும் உட்கார்ந்து ஆரஞ்சு விளைச்சல் பேசுவாய். பஸ் போய்விடுமே என்று எனக்கு எரிச்சலாக வரும். "நேரா போனா ஊரே அவ கதவப் பாக்கும் புள்ள. பஸ்ஸு நாளைக்கும் வரும்" என்பாய். பஸ்ஸை விட்டுவிட்டு நடக்கும்போது, "காலு நொம்ப வலிக்குதாக்கும்?" என்று கேலி வேறு.

இப்போது அப்படியெல்லாம் சுற்ற முடியாது. போன வீட்டு வாசலில் ஆளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். படம் இல்லையென்றால் நான் போகவே இல்லை. சம்மதத்துக்கு டேப்லெட்டில் ஒரு கட்டம், விரலால் தொட்டால் பச்சையாகிவிடும். புருஷனுக்குப் பயந்து வாழவந்தியில் தோழி வீட்டில் ஒளிந்திருந்த ஒருத்தியிடம், போன மாதம் அந்தக் கட்டத்தை நீட்டினேன். அவள் படிக்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிதானுங்க அக்கா" என்று தொட்டாள். முகம் தெரியாமல்தான் படம் எடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வேலை நடக்கிறது என்று காட்ட, ஆபீஸில் அதை எஸ்டேட்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். குழுவில் இருந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் அவள் புருஷனிடம் காட்டியிருக்கிறார். முகம் இல்லாவிட்டால் என்ன, சேலை அவன் எடுத்துக்கொடுத்தது. படத்துக்கு அடியில் ஊர்ப்பெயர் அச்சாகியிருந்தது. மறுநாள் காலையில் அந்த வாசலில் வந்து நின்றான். அவள் பின்பக்கமாகக் காப்பிச் செடிகளுக்குள் ஓடித் தப்பினாள்.

மேலதிகாரியிடம் சண்டை போட்டேன். "சம்மதம் வாங்கியிருக்கீங்களே, பச்சையாத்தானுங்களே இருக்குது" என்றார். உன்மேலும் கோபம்தான். நீ இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய். ஆனால் படம் எடுத்தது நான், அதை யார்மேலும் தள்ள முடியவில்லை.

அவளை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறோம். எந்த ஊர் என்று உனக்கும் எழுதமாட்டேன். அங்கே போகும்போது போனையும் டேப்லெட்டையும் ஆபீஸிலேயே வைத்துவிடுகிறேன். ஏன் பதிவு இல்லை என்று இரண்டு முறை விளக்கம் கேட்டுவிட்டார்கள்.

நேற்றுப் போய்க் கதவைத் தட்டினேன். முன்பெல்லாம் என் குரல் கேட்டாலே ஓடிவந்து திறப்பவள், உள்ளே இருந்தபடியே கேட்டாள்.

"போனு கொண்டாந்திருக்கீங்களா அக்கா?"

"இல்ல சாமி."

கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"கையக் காட்டுங்க."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.